ஒன்பதாம் இடத்தில் நான் பார்க்காதது

கண்ணு,

நீ அனுப்பிய படம் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தபோது நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரைப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். ஊறிய தோல் விரல்களில் ஒட்டியிருந்ததால் மூக்குக்கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளிவிட்டுத்தான் போனைப் பார்த்தேன். பழுப்பேறிய ஒரு தாள். கட்டம் போட்டு, பென்சிலில் எழுதி, ஓரத்தில் தண்ணீர் பட்டு ஊறிய தடம். கீழே நீ எழுதியிருந்தாய்: “ம்மா, இது யார் கையெழுத்து, சொல்லு பாக்கலாம்.” மூன்று இதயங்கள். ஏழின் நடுவில் குறுக்கே கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் உன்னால் உடனே கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்த, அன்று எங்கள் ஆய்வை நடத்திய பழைய பேராசிரியரின் இரும்புப் பெட்டியிலிருந்து அந்தக் காலத்துத் தாள்கள் முழுவதும் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டன என்றும், அதில் முதலில் கைக்கு வந்ததே அம்மாவின் தாள்தான் என்றும் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய்.

தாளின் தலைப்பில் இடம் ஒன்பது என்று என் எழுத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் பேராசிரியரின் சிவப்பு மையில் ‘வடக்கு முனை’ என்று இருந்தது. நான் அதைப் படித்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து மறுபடியும் படித்தேன். பிறகு உனக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். நல்லது, மகிழ்ச்சி என்று பொருள்படும் அந்த மஞ்சள் விரலை. அந்தத் தாளைப் பொறுத்தவரை நான் சொன்ன முதல் பொய்க்கு இருபத்தெட்டு வயது. கட்டைவிரல் இரண்டாவது.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். நீதான் எழுதிக் கொடு என்றாய். உன் பிஎச்.டி. கைடு படிக்கட்டும், தேர்வாளர்கள் படிக்கட்டும், உங்கள் ஆய்வுக்கூடத்தில் இனி சேருகிற பிள்ளைகளும் படிக்கட்டும். ஒரு பக்கத்தில் வாக்குமூலமாக எழுதிவிடலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். ஒரு பக்கத்தில் எழுதினால் அது ஒரு தவறு மாதிரி தெரிகிறது. நடந்தது அதைவிட நீளமானது. அதனால் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதுபோல எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நான் மைசூரில் ஒரு கல்லூரியில் விலங்கியலும் உயிரியல் புள்ளியியலும் கற்பிக்கிறேன். பிறந்தது கொள்ளேகால். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு தூத்துக்குடி பக்கத்துத் தீவுகளில் பவளத்திட்டுகளைக் கணக்கெடுக்கும் ஒரு ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு முன் அங்கே எட்டு மாதம் இருந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்புதான் கடல் சூடேறி, பவளங்கள் நிறம் இழந்து வெளுத்து, பெரும்பகுதி செத்துப்போயிருந்தது. எது செத்தது, எது பிழைத்தது என்று பன்னிரண்டு இடங்களில் பதிவுசெய்வதுதான் எங்கள் வேலை. பின்னால் வருகிறவர்கள் அதே இடங்களுக்குத் திரும்பி வந்து, எங்கே பவளம் மீண்டது, எங்கே மீளவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அப்படிப் பின்னால் வந்தவள் நீ.

முறை எளிமையானது. இருபது மீட்டர் டேப்பைப் பவளத்தின் மேல் விரிக்க வேண்டும். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போட்டுக்கொண்டு இரண்டு பேர் மேலே மிதந்தபடி போக வேண்டும். ஒருவர் டேப்புக்கு நேர் கீழே இருப்பதைப் பார்த்துச் சைகை காட்டுவார்: உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல். மற்றவர் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவார். ஓர் இடத்துக்கு மூன்று டேப். கரைக்கு வந்ததும் பலகையில் இருப்பதைத் தாளில் ஏற்றி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதான். இதில் பெரிய அறிவு ஒன்றும் தேவையில்லை. முகத்தை நீருக்குள் வைத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

ஒன்பதாம் இடத்துக்குப் போன அன்று வள்ளத்தில் நான்கு பேர். நான், என்னோடு இணையாக நீந்தும் ஆராய்ச்சி மாணவர், படகோட்டி சேவியர் அண்ணன், அவருடைய தம்பி. மாணவருக்கு முந்தின நாளிலிருந்தே காதுவலி. தண்ணீரில் இறங்க முடியாது, நீங்கள் தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்டார். சமாளிப்பேன் என்றேன். எனக்கு மாதவிலக்கு நான்கு நாள் முன்னதாக, படகு ஏறிய பிறகு வந்திருந்தது. படகில் மறைப்பு கிடையாது, கழிப்பறை கிடையாது. அதனாலேயே நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அந்த எட்டு மாதமும் அப்படித்தான். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீ முதல் முறை படகில் போய் வந்தபோது, “அதெல்லாம் எப்படிச் சமாளிக்கிறே?” என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். “எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கன்னு சொல்லிருவேன், திரும்பிருவாங்க,” என்று சிரித்தாய். நான் அன்று அசந்துபோனேன். அவ்வளவு சுலபமாக அது முடிந்திருக்கக்கூடுமா என்று நினைத்து, உடனே அந்த நினைப்பை மூடி வைத்துவிட்டேன்.

இதை என் தரப்பு நியாயமாக எழுதவில்லை. காதுவலி வந்தவருக்கும் உடம்பு சரியில்லை, எனக்கும் சரியில்லை. அவர் சொன்னார். நான் சொல்லவில்லை.

முதல் டேப்பை முழுதாகப் பார்த்தேன். செத்த பவளம், அதன் மேல் பச்சைப் பாசி, நடுவில் கொஞ்சம் மணல். மறுபடியும் செத்த பவளம். இரண்டாவது டேப்பை விரிக்கும்போது காற்று மாறி நீர் கலங்க ஆரம்பித்தது. தலை சுற்றியது. டேப்பின் முனையைக் கல்லில் கட்டிவிட்டு மேலே வந்து நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே, கயிற்றைப் பிடித்தபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, பலகையை மார்பில் வைத்து எழுதினேன். முதல் டேப்பில் இருந்ததையே எழுதினேன். ஆனால் அப்படியே எழுதவில்லை. ஓரிடத்தில் மணலைக் கூட்டினேன், ஓரிடத்தில் பாசியைக் குறைத்தேன். மூன்றாவதை விரிக்கவே இல்லை. அதற்கும் எழுதினேன். அந்த இரண்டு டேப்பையும் பார்க்க என் முகம் ஒருமுறைகூட நீருக்குள் போகவில்லை.

“பாத்தாச்சாம்மா?” என்று சேவியர் அண்ணன் மேலிருந்து கேட்டார்.

“பாத்தாச்சுண்ணே.”

“தண்ணி கலங்கிக் கெடக்கே, அம்புட்டுச் சீக்கிரமாவா?”

“எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு,” என்றேன்.

அவர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். அன்று சாயங்காலம் நான் தாளில் ஏற்றினேன். தண்ணீரிலேயே இறங்காத அந்த மாணவரும் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பிப் போட்டார். நீ அனுப்பிய படத்தில் இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பேர் கையெழுத்திட்டால் அதிகம் நம்பலாம் என்று நான் இருபது வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன்.

பிறகு என்ன நினைத்தேன் என்று நீ கேட்பாய். பேராசிரியர் அந்தத் தாளைக் கழித்துவிட்டிருப்பார் என்று நினைத்தேன். மூன்று டேப்பும் அவ்வளவு ஒத்துப்போனால் எவரும் சந்தேகப்படுவார்கள். சந்தேகப்பட்டு ஒதுக்கியிருப்பார், மரியாதைக்காக என்னிடம் கேட்காமல் விட்டிருப்பார். இதை நானே கட்டி நானே குடியேறினேன். அச்சான அறிக்கையில் இடங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான் உண்டு. நீ நான்கு வருடமாக அந்த அறிக்கையை வைத்து வேலை செய்கிறாய், வடக்கு முனை, வடக்கு முனை என்று போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அதுதான் எங்கள் ஒன்பது என்று எனக்குத் தெரியாது. அது உண்மை. தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும், அதை நான் கேட்கவில்லை. அதுவும் உண்மை.

ஞாயிறு மதியம் பிதுக்கிய பருப்பில் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன். உன் அப்பா தானே போட்டுக்கொண்டார், கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, நீ போன வாரம் படிக்கச் சொல்லி அனுப்பிய அத்தியாயத்தைத் திறந்தேன். என்னிடம் எப்போதும் நீ கேட்பது ஒன்றுதான்: “கணக்கு நிக்குதான்னு மட்டும் பாரும்மா.” பார்த்தேன். எல்லா இடங்களிலும் பவளம் தேய்ந்துகொண்டே வந்திருக்க, ஒரு இடம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததிலிருந்து எழுந்து வந்திருக்கிறது. மிக மோசமாக அடிபட்ட இடமே மிக நன்றாக மீண்டது என்று எழுதியிருக்கிறாய். சூட்டைத் தாங்கத் தெரிந்த பவளம் அங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் நான்கு வருடமும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. நான் வடக்கு முனையை எடுத்துவிட்டு மீதி இடங்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். மூன்று விதமாகப் போட்டேன். எந்த விதத்திலும் நிற்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கடைசி அத்தியாயத்தில் உன் பரிந்துரை இருக்கிறது. வடக்கு முனையின் பவளக் கிளைகளை உடைத்து எடுத்து, செத்துப்போன மற்றத் திட்டுகளில் கட்டி வளர்க்கலாம் என்று. சூட்டைத் தாங்கியது இது ஒன்றுதான், இதன் பிள்ளைகளும் தாங்கும் என்று. அந்த வரியோடு படிப்பதை நிறுத்தினேன். நான் பார்த்த அந்த ஒரு டேப்புக்கு அப்பால் அங்கே இருக்கும் பவளம் செத்து எழுந்ததா, அன்றைக்குச் சாகவே இல்லையா என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒருத்தி மேலே மிதந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடலில் மிச்சமிருக்கிற நல்ல திட்டு அது ஒன்றாக இருக்கலாம். என் எழுத்தை நம்பி அதையும் உடைக்கப்போகிறீர்கள்.

உன் அப்பாவிடம் திங்கட்கிழமை காலை சொன்னேன். தொழிற்சாலைப் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷூ லேஸைப் பாதி கட்டியபடி கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, பொறுமையாக இன்னொரு ஷூவையும் கட்டினார். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், விஷயம் கனமானால் கன்னடம்தான் வரும் என்று உனக்குத் தெரியும்.

“இர்லி பிடு மாராய்த்தி,” என்றார். இருக்கட்டும், விடு என்று. “யாருக்குத் தெரியப்போவுது? கொழந்தை மொதல்ல சப்மிட் பண்ணட்டும். ஜூன்ல அடுத்த ஆராய்ச்சி வேலைக்குப் போவணும் அவ.”

“எனக்குத் தெரியுமில்ல.”

“நீ யாருகிட்டயும் சொல்லாத ஆளாச்சே. இத்தனை வருஷம் எங்கிட்டயே சொல்லல. இன்னும் ஆறு மாசம் சொல்லாம இருக்க முடியாதா?”

அவர் குத்திக்காட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, கண்ணு. இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். முழுசாக ஒரு பகல், திங்கட்கிழமை சாயங்காலம் வரை, நான் அதை ஏற்றுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் பயந்துபோய் ஒன்று செய்தாள் என்றால் அவளை என்னால் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. ஐம்பது வயதில், எல்லாம் தெரிந்து, மேசையில் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, மதியம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் போய் மாதிரி எடுப்பதில் வரும் பிழைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேனே, அவளை எனக்குத் தெரியவில்லை. இப்போது வரை தெரியவில்லை. பாடம் நன்றாகவே போயிற்று. ஒரு பையன், மேடம், டேட்டா போய்விட்டால் பக்கத்து எண்ணை வைத்து நிரப்பலாமா என்று கேட்டான். நிரப்பினால் நிரப்பியதாக எழுதிவிடு என்று சொன்னேன். குரல்கூட மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு உன் மழை நோட்டு நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அது அங்கே இருந்தது, நான்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தேன். நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக விஜயநகர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மாதம் மழையை அளந்தாய். தினமும் காலை ஏழு மணிக்கு மாடி ஏறி, குடுவையில் ஸ்கேலை வைத்துப் பார்த்துக் குறித்தாய். நடுவில் மூன்று நாள் கொள்ளேகாலில் மாமா வீட்டுக் கல்யாணம். திரும்பி வந்து அந்த மூன்று கட்டத்தையும் நீயே நிரப்பிவிட்டாய். பேப்பரில் வந்திருந்த மழையைப் பார்த்து, கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி. நான் கண்டுபிடித்தேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ வியந்தாய். இப்போது உனக்குத் தெரியும், எனக்கு அந்த வேலை பழக்கம். அந்த மூன்று கட்டத்தையும் அழித்துவிட்டு ‘பார்க்கவில்லை’ என்று பேனாவால் எழுதச் சொன்னேன். நீ அழுதாய். கண்காட்சியில் மற்றவர்களின் அட்டவணை எல்லாம் நிறைந்திருக்க, உன்னுடையதில் மூன்று ஓட்டை. உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் நான் உனக்கு நீண்ட அறிவுரை சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைச் சொல்ல எனக்கு இடமில்லை என்பதைத் தவிர.

செவ்வாய் மாலை உன்னைக் கூப்பிட்டேன். அப்போதுதான் படகிலிருந்து இறங்கியிருந்தாய், பின்னால் எதையோ பீய்ச்சிக் கழுவுகிற சத்தம். “சொல்லும்மா, சாப்டர் எப்படி?” என்றாய். நான் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். மனதிலிருந்து பேசினால் எங்காவது வளைத்துவிடுவேன் என்று பயம். ஒன்பதாம் இடம், வடக்கு முனை, இரண்டாம் டேப்பும் மூன்றாம் டேப்பும் நான் பார்த்து எழுதியவை அல்ல. படித்து முடித்த பிறகு கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“எத்தனை டேப்?” என்றாய்.

“ரெண்டு.”

“மொதல் டேப்?”

“பார்த்தேன்.”

“நெஜமா?”

“நெஜமாத்தான்.”

“அதை நான் எப்படி நம்பறது?”

நீ அழுவாய், கத்துவாய், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய் என்றெல்லாம் நினைத்துத் தயாராக இருந்தேன். நீ என்னை விசாரித்தாய். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு டேப் விரித்தீர்கள், எத்தனை ஆழம், அன்று வேறு இடம் எதுவும் செய்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாய். கடைசியில் மட்டும் குரல் மாறியது. “மழை நோட்டு ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் உம்மேல கோவப்படவே இல்ல. வீட்ல ஒருத்தராவது இப்படி இருக்காங்களேன்னு நெனச்சேன்.” பிறகு, “எழுதிக் குடு. நீ எழுதின எல்லா ஷீட்டும் அனுப்பறேன். ஒவ்வொண்ணாப் பாத்து, எது பாத்தது, எது பாக்காததுன்னு எழுதிக் குடு,” என்று சொல்லி வைத்துவிட்டாய். பேசிய அவ்வளவு நேரத்தில், முதல் வாக்கியத்துக்குப் பிறகு, ஒருமுறைகூட ம்மா என்று சொல்லவில்லை.

நாற்பத்தொரு தாள் அனுப்பியிருக்கிறாய். மூன்று நாளாக அவற்றோடுதான் இருக்கிறேன். கல்லூரிக்கு விடுப்பு சொல்லியாயிற்று. சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்து ஆரம்பித்தேன், ஒரே ஒரு நாள்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும் அல்லவா. பல தாள்களில் சந்தேகம் இல்லை. ஒன்றில் பெரிய ஆமை வந்து டேப்பை இழுத்தது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இன்னொன்றில் இரண்டு பேரும் ஒரே பவளத்தின் பெயரில் சண்டை போட்டு, அடித்து, திருத்தியிருக்கிறோம். பார்த்தவர்களின் தாள் அப்படித்தான் அசிங்கமாக இருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஐந்தாம் இடத்தின் மூன்றாம் டேப்புக்கு வந்தபோது நின்றுவிட்டேன். மிகச் சுத்தமாக இருக்கிறது. அடித்தல் இல்லை, குறிப்பு இல்லை. முதல் டேப்பைப் போலவே இருக்கிறது. அன்றைய தினத்தை நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீருக்குள் இருந்த நினைவு வருகிறது, கீழே பவளம் தெரிகிறது, மீன்கூடத் தெரிகிறது. ஆனால் ஒன்பதாம் இடத்தைப் பற்றியும் எனக்கு இத்தனை வருடமாக ஒரு நினைவு இருந்தது, கண்ணு. கலங்கிய நீரில் செத்த பவளம் மங்கலாகத் தெரிகிற நினைவு. அதை நான் உனக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது என்று நீ ஒரு நேர்காணலில் சொன்னாயாம். அந்தக் கலங்கிய நீரில் நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன், பிறகு எழுதியதையே பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். ஆகவே ஐந்தாம் இடத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எனக்குத் தெரியாது. அதையும் நீக்கிவிடு.

அன்று வடக்கு முனையின் மீதிப் பவளம் சாகாமல் இருந்திருந்தால் அதுவே ஒரு நல்ல செய்தி அல்லவா, சூடு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்று எழுதலாமே என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆசையாக இருந்தது. அதற்கும் நம்மிடம் ஆதாரம் இல்லை. ஒரு பொய்யை எடுத்துவிட்டால் அதன் அடியில் உண்மை இருக்கும் என்று நினைக்காதே. சில இடங்களில் அடியில் ஒன்றும் இருக்காது. வெற்றுக் கட்டம்தான் இருக்கும். அதை வெற்றாகவே விட்டுவைக்கிற தைரியம் உனக்குப் பன்னிரண்டு வயதிலேயே இருந்தது, அழுதுகொண்டேயானாலும் எழுதினாய். எனக்கு அது இப்போதுதான் வருகிறது, அதுவும் நீ கேட்டதால்.

உனக்கு அறிவுரை என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன், தாயாக அல்ல, அந்தப் படகில் இருந்தவளாக. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் முடியவில்லை என்று சொன்னால் அது எவ்வளவு அற்பமான காரணமாக இருந்தாலும் முகம் சுளிக்காதே. முடியாது என்று சொல்ல முடியாத படகில்தான் பொய்த் தாள் எழுதப்படுகிறது. கண்டிப்பானவளாக இரு, ஆனால் உன்னிடம் வந்து சொல்லக்கூடிய கண்டிப்பாக இருக்கட்டும். நான் உன்னிடம் அப்படி இருந்தேனா என்று தெரியவில்லை. ஆட்டோவில் அவ்வளவு பேசினேன், உனக்கு ஏன் அந்த மூன்று கட்டத்தை நிரப்பத் தோன்றியது என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டும் என்றில்லை.

ஜூன் மாதம் நீ போக வேண்டிய இடம் தள்ளிப்போகும். ஒருவேளை கிடைக்காமலே போகும். நான்கு வருடத்தில் பாதியை மறுபடி எழுத வேண்டியிருக்கும். இதற்கு மன்னிப்புக் கேட்பது எளிது, கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டிவரும், அதனால் கேட்கவில்லை. நேற்று உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கைடிடமும் குழுவிடமும் நீ இதைச் சொல்லப்போவதாக. வேறொன்றும் எழுதவில்லை.

நீ சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் அப்பா தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தாள்களைத் திருத்தி, ஒவ்வொன்றின் கீழும் எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டு எடுத்து வருகிறேன். பதினொரு மணிக்கு நானே அவர்கள் முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். நீ எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடாதே, கண்ணு. உனக்கு அப்படித் தோன்றும், எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்களோடு உட்கார். நான் சொல்லி முடித்ததும், அவர்களுக்கு முன்னால் நீ முதல் கேள்வியைக் கேள்.

அம்மா